வியாழக்கிழமைப் பலகை

நம் சுகாதார நிலையத்தில் நீங்கள் பொறுப்பேற்கப்போகும் அறையின் வடக்குச் சுவரில், ஜன்னலை ஒட்டி, நான்கு ஆணி ஓட்டைகள் இருக்கும். வெள்ளையடிக்க வருகிறவர்கள் ஒவ்வொரு முறையும் அவற்றை அடைத்துவிட்டுப் போவார்கள். நம் ஊர் உப்புக் காற்று ஒவ்வொரு முறையும் அவற்றைத் திறந்துவிடும். அந்த இடத்தில் ஒரு காலண்டர் மாட்டலாம் என்று உங்களுக்குத் தோன்றும். மாட்டுங்கள், அது இனி உங்கள் அறை. முன்பு அங்கே என்ன தொங்கியது என்று மட்டும் தெரிந்துகொண்டு மாட்டுங்கள்.

நான் ஐம்பத்திரண்டு வயதில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஏன் என்று கேட்டவர்களிடம் முழங்கால் வலி என்று சொன்னேன். முழங்கால் வலிப்பது உண்மைதான். செவிலியாக இருந்த வருஷங்களில் கடைசி ஒன்பதை அந்த அறையில், ரத்த அழுத்தக்காரர்களோடு கழித்தேன். பட்டையை எப்படிச் சுற்றுவது, காற்றை எவ்வளவு மெதுவாக விடுவது என்பதெல்லாம் உங்களுக்குப் பயிற்சியிலேயே சொல்லித் தந்திருப்பார்கள். நான் சொல்ல வந்தது ஒரே ஒரு மனிதரைப் பற்றி. கலியபெருமாள். தறி ஓட்டியவர். அறுபத்தேழு வயது.

மூடிக்கிடக்கும் மில்லுக்குப் பின்னால் உள்ள தெருக்கள்தான் நம் பகுதி. அங்கே ஆண்கள் கத்திக் கத்திப் பேசுவார்கள், கோபமென்று நினைக்காதீர்கள். தறிச் சத்தத்தில் பாதிக் காது போனவர்கள். மில் மூடிய பிறகு ஒருவர் லாட்ஜில் காவலுக்குப் போனார், ஒருவர் டீக்கடை வைத்தார், ஒருவர் நோணாங்குப்பத்துப் படகுத்துறையில் வண்டிகளுக்குச் சீட்டுக் கிழித்தார். காது மட்டும் மில்லிலேயே தங்கிவிட்டது. அதனால் அவர்களுடைய ரத்த அழுத்தத்தை நானும் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. "நூத்தி எழுபது!" என்று நான் கத்தினால் பெஞ்சில் இருக்கிற பத்துப் பேருக்கும் கேட்கும். தப்பு அங்கேதான் முளைத்தது. ஒரு மனிதனின் ரத்தத்துக்குள் நடப்பதை ஊர் கேட்கச் சொன்னேன். ஒரு தாளில் எழுதிக் காட்டியிருக்கலாம். தோன்றவில்லை.

கலியபெருமாள் முதல்முறை வந்தபோது பட்டையைச் சுற்றுவதற்காகக் கையைத் தூக்கச் சொன்னேன். இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றார்.

"ஒண்ணு போதும்ணா" என்றேன்.

"மில்லு கேட்டுல அப்பிடியே பழகிப்போச்சு சிஸ்டர். வெளிய வர்றப்ப நூலு கீலு எடுத்துட்டுப் போறமான்னு தடவிப் பாப்பான் வாட்ச்மேன். வாயக்கூடத் தெறந்து காட்டுவோம், நக்கலுக்கு."

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. அவருக்குப் பக்கத்தில் அவருடைய தோழர் வேணு. ஒரே ஷிப்டில் பக்கத்துத் தறி ஓட்டியவர். மேல் எண்ணை நான் கத்தியதும் வேணு தொடையைத் தட்டினார்.

"இன்னாடா கலியா, நூத்தி எழுவதா? மீட்டர உட்டுட்டு ஆட்டோ ஓட்றியா உள்ள?"

"ஒனக்கு எத்தினிடா?"

"நூத்தி அம்பத்தாறு. ஒன்ன விட ஒரு ஷிப்டு கம்மி."

அடுத்த வாரம் ஒரு பழைய கரும்பலகையைத் தோளில் சுமந்துகொண்டு கலியபெருமாள் வந்தார். கையில் சுத்தியல். சட்டைப் பையில் ஆணி.

"மில்லுல ஷிப்டு முடிஞ்சா எவன் எத்தினி கஜம் துணி நெஞ்சான்னு பலகைல எழுதுவாங்க சிஸ்டர். அதப் பாத்தாத்தான் கை வேகமாப் போவும். இங்கயும் மாட்டுங்க. அங்க ஏறணும், இங்க எறங்கணும். அவ்ளோதான வித்தியாசம்."

நான்கு ஆணியையும் அவரே அடித்தார். நான் சாக்பீஸ் வாங்கி வைத்தேன். பெயர், அதற்கு நேரே எண். யாருடைய எண் அதிகமாக இறங்கியதோ அவருக்கு வியாழக்கிழமைதோறும் எல்லோரும் கைதட்டுவது என்று நானே ஒரு வழக்கத்தை உண்டாக்கினேன். என்னுடைய யோசனை என்று பெருமையாக இருந்தது. கைதட்டல் விழும்போது ஜன்னல் கம்பியில் உட்கார்ந்திருக்கும் புறா எழுந்து பறக்கும். அந்தப் படபடப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் இரண்டு மாதம் அந்தப் பலகை நிஜமாகவே வேலை செய்தது. இந்த மனிதர்கள் தறிக்கூடத்து வெக்கையில் வேர்த்ததை ஈடுகட்டக் கஞ்சியில் கைப்பிடி உப்புப் போட்டுக் குடித்து வளர்ந்தவர்கள். மில் மூடியதும் வேர்வை நின்றுவிட்டது, உப்பு நிற்கவில்லை. நோட்டீஸ் கொடுத்தோம், படம் காட்டினோம், ஒருவரும் அசையவில்லை. பலகை வந்ததும் கலியபெருமாள் ஊறுகாய் ஜாடியைத் தூக்கி வாசலில் வைத்தார். கருவாட்டை விட்டார். விடிகாலையில், கடற்கரைச் சாலையில் வண்டி விடாத நேரத்தில், வேணுவையும் இழுத்துக்கொண்டு ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை நடந்தார். நாளுக்கு ஒரு கட்டாக இருந்த பீடியை மூன்றே பீடியாகக் குறைத்தார்.

அவருடைய மனைவி செந்தாமரை ஒரு நாள் கீரைக் கட்டோடு வந்து என் மேஜை ஓரத்தில் நின்றார்.

"உப்பில்லாத சோறு கருமாதிக்குத்தான் சிஸ்டர் வடிப்பாங்க. உசுரோட இருக்கற மனுசனுக்கு எப்பிடி வெக்கறது?"

"சுத்தமா உப்பே வேணாம்னு நான் சொல்லலியே அண்ணி. கொறைங்கன்னுதான் சொன்னேன்."

"அவருகிட்ட சொல்லுங்க. கொஞ்சூண்டு போட்டாலும் தட்டத் தள்ளி உட்றாரு. பலகைல ஏறிடுமாம்."

நான் சிரித்தேன். அந்த வாக்கியத்துக்குள் இருந்த பயம் எனக்குக் கேட்கவில்லை.

நூற்று எழுபது நூற்று ஐம்பத்திரண்டுக்கு வந்தது. அங்கேயே நின்றுவிட்டது. ஒரு வாரம், இரண்டு வாரம், மூன்று வாரம். உப்பைக் குறைத்தும், நடந்தும், தினம் ஒரு மாத்திரை போட்டும் ஓர் அறுபத்தேழு வயது உடம்பு எங்கே வந்து நிற்குமோ அங்கே வந்து நின்றது. அப்போது செய்ய வேண்டியது எளிது. மாத்திரையைக் கூட்டலாமா என்று டாக்டரிடம் கேட்பது. அவரிடம், "அண்ணா, இதுவே பெரிய விஷயம், இனி பொறுமை" என்று சொல்வது. ஆனால் பலகைக்குப் பொறுமை கிடையாது. அதற்கு வாரம் ஒரு புது எண் வேண்டும். வேணு நூற்று நாற்பதுக்கு வந்து கைதட்டல் வாங்கிக்கொண்டிருந்தார்.

"கலியன் தறி நின்னு போச்சுடா. நூலு அறுந்துடுச்சி."

"பேசிக்கினே இரு. அடுத்த வாரம் பாரு."

அடுத்த வாரம் நூற்று முப்பத்தாறு. அதற்கடுத்த வாரம் நூற்று முப்பது. பிறகு நூற்று இருபத்தாறு. படிக்கட்டில் இறங்குகிற மாதிரி ஒழுங்காக இறங்கியது. எந்த உடம்பும் அப்படி ஒழுங்காக இறங்காது. கடல் அலைகூட ஒன்று போல ஒன்று வருவதில்லை. எனக்கு அது உறைத்திருக்க வேண்டும். நானோ சாக்பீஸால் அந்த எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் போட்டேன்.

எச்சரிக்கை வராமல் இல்லை. வந்தது, நகைச்சுவையாக வேஷம் போட்டுக்கொண்டு வந்தது. கலியபெருமாளின் எதிர்வீட்டில் ஒரு சொல்தா இருந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு அந்த நாட்டு ஓய்வூதியத்தில் வாழ்பவர்களை நம் ஊரில் அப்படித்தான் சொல்வோம். அவரிடம் வீட்டிலேயே அழுத்தம் பார்க்கும் மிஷின் உண்டு. ஒரு வியாழக்கிழமை கலியபெருமாள் சொன்னார்:

"ஞாயித்துக்கெழம சொல்தா மிஷின்ல கைய வுட்டன் சிஸ்டர். நூத்தி எம்பத்தெட்டு காட்டுது! பிரான்சு மிஷினுக்கு நம்ம ரத்தம் புரியல போலக்கிது."

பெஞ்சு சிரித்தது. நானும் சிரித்தேன். ஞாயிற்றுக்கிழமை நூற்று எண்பத்தெட்டும் வியாழக்கிழமை நூற்று இருபத்தாறும் ஒரே மனிதனுக்குள் எப்படி இருக்க முடியும் என்று நான் கேட்கவில்லை. என் எண் அழகாக இருந்தது. அழகாக இருக்கிற எண்ணை யாரும் சந்தேகப்படுவதில்லை.

பிறகு அந்த வியாழக்கிழமை. மேலிடத்திலிருந்து பார்வையிட வருகிறார்கள் என்று முந்தின நாள்தான் சொன்னார்கள். பலகையைப் பற்றி அவர்கள் காதுக்குப் போயிருந்தது. போட்டோ எடுக்க ஓர் ஆள். அறை நிறையக் கூட்டம். கலியபெருமாள் சலவைச் சட்டையில் வந்திருந்தார். நூற்று எட்டு. வாழ்க்கையில் முதல்முறையாக அவருக்கு நூற்று எட்டு. பெஞ்சிலிருந்து எழுந்தவர் ஒரு கணம் சுவரைப் பிடித்துக்கொண்டார். நெற்றியில் முத்து முத்தாக வேர்வை.

வேணுதான் என் காதருகே வந்து சொன்னார். கத்தாமல், மெதுவாக. "அவன் மூஞ்சியப் பாருங்க சிஸ்டர். வெளுத்துக் கெடக்குது."

எனக்கும் தெரிந்தது. வாசலில் கார் நிற்கும் சத்தம் கேட்டது. எனக்கு இருந்தது இரண்டு நிமிஷம். அந்த இரண்டு நிமிஷத்தில் அவரை உட்காரவைத்து, படுக்கவைத்து, நிற்கவைத்து மறுபடி பார்த்திருக்கலாம். செந்தாமரையைக் கூப்பிட்டிருக்கலாம். நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்.

"அண்ணா, இன்னிக்கு மாத்திரை போட்டீங்களா?"

"போட்டன் சிஸ்டர். எழுந்ததும் மொத வேலையா."

அவர் பொய் சொல்லவில்லை. நான் கேட்டதற்கு உண்மையைத்தான் சொன்னார். தப்பு கேள்வியில் இருந்தது. இன்றைக்குப் போட்டீர்களா என்று கேட்டேன். நேற்று, முந்தாநாள், திங்கள், ஞாயிறு என்று நான் கேட்கவில்லை. "மாத்திரை அட்டையக் காட்டுங்க" என்ற நான்கு சொல்கூட இல்லாத ஒரு வாக்கியம் என் நாக்கு நுனியில் இருந்தது. அதற்குள் உள்ளே வந்துவிட்டார்கள்.

டாக்டர் புதியவர், நல்லவர், என்னை முழுதாக நம்பியவர். நோட்டைப் புரட்டினார். இறங்கி இறங்கி வந்த எண்களைப் பார்த்தார், சுவரைப் பிடித்து நின்றவரையும் பார்த்தார். "ரொம்பக் கொறையுது சிஸ்டர். தலை சுத்தல் வேற. மாத்திரையப் பாதி ஆக்கிடலாமா? வாரா வாரம் இவரப் பாக்கறது நீங்கதான், சொல்லுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வந்தவர்கள், போட்டோக்காரர், பெஞ்சு, கலியபெருமாள்.

"ஆக்கிடலாம் டாக்டர்" என்றேன்.

மாத்திரையைக் குறைக்கும் அளவுக்கு வாழ்க்கைமுறை மாற்றமே சாதித்துவிட்டது என்று வந்தவர்களில் ஒருவர் சொன்னார். கைதட்டினார்கள். புறா பறந்தது. போட்டோவில் கலியபெருமாள் பலகைக்கு இந்தப் பக்கம், நான் அந்தப் பக்கம். அவர் ஒரு கையால் பலகையின் சட்டத்தைப் பிடித்திருக்கிறார். பெருமையில் பிடித்திருக்கிறார் என்றுதான் பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். விழாமல் இருக்கப் பிடித்திருந்தார்.

பன்னிரண்டு நாள் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, குழாயடியில் பல் விளக்கிக்கொண்டிருந்தவரின் கையிலிருந்து பிரஷ் விழுந்தது. எடுக்கக் குனிந்தவர் எழவில்லை. கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். உயிர் இருந்தது. வலது கையும் காலும் பேச்சும் போயின.

வியாழக்கிழமை வழக்கம்போல் பெஞ்சு நிறைந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து நேராகச் செந்தாமரை வந்தார். இரண்டு நாளாக மாற்றாத சேலை. இடுப்பில் செருகியிருந்த ஒரு மூக்குப்பொடி டப்பாவை எடுத்து என் மேஜையில் வைத்து மூடியைத் திறந்தார். உள்ளே பொடி இல்லை. மாத்திரைகள். அட்டையிலிருந்து பிதுக்கி எடுத்த, வெள்ளை வெள்ளையான, நாங்கள் கொடுத்த மாத்திரைகள்.

"சாமி மாடத்துக்குப் பின்னால இருந்துச்சி சிஸ்டர்" என்றார். "இதுல எத்தினி குடுக்கணும்? வுட்டதெல்லாம் இப்ப மொத்தமாக் குடுத்தா எழுந்துடுவாரா?"

என் கை டப்பாவைத் தொட்டது, எடுக்கவில்லை. "ஏன் அண்ணி... ஏன் சேத்து வெச்சாரு?"

"எனக்கு இன்னா தெரியும். புதன் ராத்திரி ரெண்டு போடுவாரு, வியாழக்கெழம எழுந்ததும் ரெண்டு போடுவாரு. மத்த நாள்ல, அப்பறம் போடறன் அப்பறம் போடறன்னுவாரு. நான் போட்டுட்டாருன்னு இருந்தன். ஒங்க பலகைக்குத்தான் சேத்தாரு போல."

வேணு பெஞ்சிலிருந்து எழாமலே சொன்னார். அவருக்கே கேட்காத குரலில் சொன்னார், எங்களுக்கெல்லாம் கேட்டது.

"மில்லுல நாங்க பண்ணதுதான் சிஸ்டர் அது. நல்லா ஓடற நாள்ல நெஞ்சதுல கொஞ்சம் கணக்குல குடுக்காம நிறுத்தி வெப்போம். சூப்பர்வைசர் வர்ற நாள்ல சேத்துக் காட்டுவோம். பலகைல நல்லா நிக்கும். எல்லாரும் பண்ணோம். யாருக்கும் ஒண்ணும் ஆவல, துணிதான அது." மேஜைமேல் இருந்த டப்பாவைப் பார்த்தார். "நானும் ரெண்டு வாட்டி பண்ணன் சிஸ்டர். இங்க."

நான் பெஞ்சைப் பார்த்தேன். எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, கடைசிச் சில வாரங்களாக நான் அளந்தது யாருடைய ரத்தத்தையும் அல்ல. நான் அளந்தது வியாழக்கிழமையை.

செந்தாமரை இன்னும் பதிலுக்காக நின்றுகொண்டிருந்தார். மொத்தமாகக் கொடுக்கக் கூடாது, ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்ததை மட்டும் கொடுங்கள் என்று சொன்னேன். டப்பாவைத் திரும்ப வாங்கிக்கொள்ளாமல் போனார்.

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தலை சுற்றியதை நான் பார்த்தும் கேட்காமல் விட்டதைச் சொன்னேன். சொல்தாவின் மிஷினைப் பற்றிச் சொன்னேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, "நோயாளி ஒழுங்கா சாப்பிடல சிஸ்டர். நாம என்ன பண்ண முடியும்" என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். நானும் அந்த ஆறுதலை வாங்கிக்கொண்டேன். நோட்டில் அப்படியே எழுதினேன்: மாத்திரை ஒழுங்காக உட்கொள்ளவில்லை. என் கையெழுத்தில் இருக்கிறது. அலமாரியில் பழைய நோட்டுகளோடு உங்களுக்குக் கிடைக்கும். அந்த வரியை நம்பாதீர்கள். அவரைப்போல ஒழுங்காக எதையும் செய்தவர் அந்த அறைக்கு வந்ததில்லை. எதற்காக ஒழுங்காக இருக்க வேண்டும் என்று நான்தான் மாற்றிச் சொல்லிக்கொடுத்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் பலகையைக் கழற்றினேன். ஆணிகள் வர மறுத்தன. அவர் அடித்தவை அல்லவா.

அதற்குப் பிறகு மாத்திரை அட்டையைக் கொண்டுவரச் சொன்னேன். எண்ணை யாருக்கும் கேட்கும்படி சொல்லவில்லை, ஸ்லேட்டில் எழுதிக் காட்டினேன். கூட்டம் குறைந்தது. நடைக்கும் பாதிப் பேர் போவதில்லை என்று கேள்விப்பட்டேன். எண்கள் பழையபடி ஏறின. அவை உண்மையான எண்கள், அசிங்கமான எண்கள். அவற்றை வைத்து டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். கைதட்டல் இல்லாத, மெதுவான, அலுப்பான வேலை. உங்களுக்குக் கிடைக்கப்போவதும் அதுதான். வாராவாரம் யாராவது ஒருவர் உங்கள் முகத்தைப் படிப்பார், எண்ணைப் பார்த்து நீங்கள் மலர்கிறீர்களா வாடுகிறீர்களா என்று. இரண்டும் வேண்டாம். முகத்தை மூடி வைத்துக்கொள்ளப் பழகுங்கள். எனக்குத் தெரிந்து நம் தொழிலில் கடினமானது அதுதான்.

கலியபெருமாளை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் வாரம் ஒருமுறை நான் போய்ப் பார்த்தேன். கயிற்றுக் கட்டிலில் கிடப்பார். முதல் நாள் எண்ணைத் தாழ்ந்த குரலில் செந்தாமரையிடம் சொல்லப்போனேன். கட்டிலில் இருந்து ஓர் உறுமல். இடது கையால் தன் காதைக் காட்டினார். அவருக்குக் கேட்கவில்லை. அவருக்குக் கேட்க வேண்டும். ஸ்லேட்டை மறந்து வந்திருந்தேன். அதனால் அந்தத் தெரு முழுக்கக் கேட்கக் கத்தினேன், "நூத்தி அறுபத்தி நாலு ணா!" எதிர்வீட்டுத் திண்ணையில் சொல்தா பேப்பரைத் தாழ்த்தினார். கலியபெருமாள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். கண்ணோரம் நனைந்து தலையணைக்கு ஓடியது.

நான் விலகுவதற்கு முந்தின வாரம் கடைசியாகப் போனேன். பட்டையோடு கட்டில் பக்கத்தில் உட்கார்ந்ததும் அவருடைய இடது கை தானாக மேலே எழுந்தது. தலைக்கு மேலே, விறைப்பாக, மில் கேட்டில் நிற்கிற மாதிரி. இப்போது ஒன்றுதான் எழுகிறது. பிறகு ஒரு பக்கம் கோணிய வாயைத் திறந்தார். நாக்கைத் தூக்கினார். அடியில் எதுவும் இல்லை என்று காட்டினார். நக்கலுக்கு இல்லை.

"தெனம் இப்பிடித்தான் சிஸ்டர்" என்றார் செந்தாமரை. "மாத்திரை முழுங்கினதும் வாயத் தெறந்து காட்டுவாரு. நான் கேட்டதே இல்ல."

"வேணாம்ணா. மூடுங்க. நம்பறேன்" என்றேன்.

அவருக்கு அது கேட்கவில்லை போலும். கையை இறக்காமல், வாயை மூடாமல், என் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார். நான் குனிந்து அவருடைய நாக்குக்கு அடியில் பார்த்தேன். பார்த்துவிட்டேன் என்று தலையாட்டினேன். அதற்குப் பிறகுதான் மூடினார்.